ஆயுதமா, அகிம்சையா: என் தரப்பு (விவாத இழை)

தாரகை எழுதியது:

தற்காப்புக்கு வீட்டில் ஆயுதம் வைத்துக்கொள்ளலாமா என்று இங்கே ஒருவர் கேட்டதற்கு வந்த பதில்களில் முக்கால்வாசி "கட்டாயம் வையுங்கள்" என்றே இருந்தன. "கையில ஒண்ணு இருந்தாத்தான் எதிர்ல நிக்கிறவன் பயப்படுவான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த இழை பூட்டப்பட்டுவிட்டதால் என் பதிலைத் தனியாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். அடிதடி, வெட்டு, குத்து எல்லாம் முதலில் எங்களிடம்தான் வரும். கத்திச் சண்டையில் அடிபட்டு வருகிறவர்களின் கைகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தடுத்தவருக்கு உள்ளங்கையிலும் முன்கையிலும் வெட்டு இருக்கும். குத்தியவருக்கும் பல நேரம் விரல்களில் வெட்டு இருக்கும். கத்தி எலும்பில் முட்டி நிற்கும், கைப்பிடி ரத்தத்தில் வழுக்கும், அவர் விரல்களே அலகின் மேல் இறங்கிவிடும். விரலை மடக்கும் தசைநாண் அறுந்துபோனால் தையலோடு வேலை முடிவதில்லை. வாரக்கணக்கில் கட்டு, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அழுத வாலிபர்களுக்கு நான் பொத்தான் போட்டுவிட்டிருக்கிறேன். சண்டை எதனால் வந்தது என்று கேட்டால் வண்டி உரசியது, முறைத்தான், ஒரு வார்த்தை தடித்துவிட்டது என்பார்கள். இடுப்பில் கத்தி இல்லாமல் இருந்திருந்தால் நாலு அறையோடு முடிந்திருக்கும்.

என் வாதம் ஒன்றே ஒன்றுதான். கோபத்திலும் பயத்திலும் மனிதன் தப்புக்கணக்குப் போடுவான். ஆளைத் தப்பாகப் பார்ப்பான், நோக்கத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வான். இது எனக்கும் நேரும், உங்களுக்கும் நேரும். தப்பு என்று தெரிந்த பிறகு திருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். ஆயுதம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஜாலியன்வாலா பாக் படுகொலையை விசாரித்த ஹண்டர் குழுவின் முன் காந்தி 1920இல் சாட்சியம் அளித்தபோது சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுதான். முழு உண்மையை அறியும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை, ஆகவே தண்டிக்கும் தகுதியும் அவனுக்கு இல்லை, அதனால் சத்தியாக்கிரகத்தில் வன்முறைக்கு இடமில்லை என்றார். புண்ணியம், மோட்சம் எதையும் அவர் அங்கே இழுக்கவில்லை. அதனாலேயே அந்தப் பதில் எனக்குப் பிடிக்கும்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் பாதுகாப்பு என்கிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் மூன்று மாவட்டங்களில், வீட்டுக்குள் நடந்த கொலைகளை எடுத்து ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். துப்பாக்கி இருந்த வீடுகளில் கொலை நடக்கும் வாய்ப்பு சுமார் 2.7 மடங்கு கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதல் பெரும்பாலும் குடும்பத்தாராலும் நெருங்கிப் பழகியவர்களாலும் நடந்த கொலைகளில் இருந்து வந்தது. வெளியிலிருந்து வரும் திருடனுக்காக வாங்கி வைத்தது வீட்டுக்குள்ளேயே வெடித்திருக்கிறது.

நேர்ப்பேச்சு எழுதியது:

அக்கா, உங்கள் வேலைக்குப் பெரிய மரியாதை. ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் பார்ப்பது தோற்றவர்களை. கையில் ஆயுதம் இருந்ததைப் பார்த்து எதிரி திரும்பிப் போய்விட்டால் அவன் உங்கள் வார்டுக்கு வரமாட்டான். அந்தக் கணக்கு உங்கள் கண்ணில் படவே படாது. அந்த 1993 ஆய்வின் மேலும் இதே விமர்சனம் உண்டு. ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறவன்தானே துப்பாக்கி வாங்குகிறான்?

அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நம் ஆட்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை. குட்டக் குட்டக் குனிகிறவனும் மூடன்தான். உலகத்தில் பாதிப் பேர் குனிந்தே பழகிவிட்டதால்தான் மீதிப் பேர் குட்டுகிறார்கள். காந்திக்கு எதிரே இருந்தது பிரிட்டிஷ் அரசு, நீதிமன்றம் இருந்தது, பத்திரிகை இருந்தது. ஹிட்லருக்கு எதிரே உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்திருந்தால்? அவனை முடித்தது படைகள்தானே? உங்கள் குழந்தையை ஒருவன் தாக்க வந்தால் அவனிடம் ஹண்டர் குழு சாட்சியத்தைப் படித்துக் காட்டுவீர்களா? கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

தாரகை எழுதியது:

நேர்ப்பேச்சு, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஓடிப்போய் நடுவில் நிற்பேன், கத்துவேன், அவனைப் பிடித்துக் கீழே தள்ளுவேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒருவரைப் பிடித்து நிறுத்துவதும் அவரைச் சிதைப்பதும் ஒன்றல்ல. இதை நான் வேலையில் பார்க்கிறேன்.

போதையிலோ மனக்குழப்பத்திலோ ஒருவர் உடைந்த கண்ணாடியோடு வார்டுக்குள் நிற்கிறார் என்று வையுங்கள். எங்களுக்குச் சொல்லித்தந்தது இது: ஒருவர் மட்டும்தான் பேச வேண்டும். குறைந்தது இரண்டு கை தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டாக நிற்க வேண்டும். நேருக்கு நேர் நெஞ்சை நிமிர்த்தி நின்றால் சண்டைக்கு அழைப்பதாக அவருக்குத் தோன்றும். இரண்டு கையும் விரிந்து, அவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அவருக்கும் கதவுக்கும் நடுவே நிற்கவே கூடாது. வெளியே போக வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி வேகம் இறங்கிவிடும். குரலைத் தாழ்த்தி, பேரைச் சொல்லி, "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

பேச்சில் அடங்கவில்லை என்றால் பிடிப்போம். கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் என்று நான்கு பேர். தலைமாட்டில் ஐந்தாவது ஆள் நின்று, "நீங்க பத்திரமா இருக்கீங்க, விட்டுடுவோம்" என்று பேசிக்கொண்டே இருப்பார். குப்புறப் போட்டு முதுகில் ஏறி அழுத்தக் கூடாது, மூச்சு நின்றுவிடும். அடங்கியதும் பிடியைத் தளர்த்துவோம். மறுநாள் காலையில் அதே ஆள் எங்களிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அவரைத் தப்பாகக் கணித்துப் பிடித்திருந்தால்கூட மன்னிப்புக் கேட்க அவரும் இருப்பார், நாங்களும் இருப்போம்.

என் கண்ணில் தோற்றவர்கள் மட்டும்தான் படுகிறார்கள் என்றீர்கள். சரியான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆயுதத்தைக் காட்டி விரட்டினேன் என்ற கதைகளிலும் அதே ஓட்டை உண்டு. எதிரே வந்தவன் உண்மையிலேயே தாக்கத்தான் வந்தானா என்று யாரும் போய்க் கேட்கவில்லை.

ஹிட்லரை வீழ்த்தியது படைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் நாஜிகளிடம் அகிம்சை ஒன்றுமே செய்யவில்லை என்பது சரியில்லை. 1942இல் நார்வேயில், நாஜிகளின் கையாளான குவிஸ்லிங் எல்லா ஆசிரியர்களையும் தன் புதிய சங்கத்தில் சேரச் சொல்லிக் கட்டளையிட்டார். பள்ளிக்கூடங்களை நாஜிக் கொள்கைக்கு மாற்றுவதுதான் திட்டம். ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே வாசகத்தை எழுதி, தங்கள் பெயரைப் போட்டு, "சேர மாட்டேன்" என்று தனித்தனியே கடிதம் அனுப்பினார்கள். சுமார் ஆயிரம் பேரைக் கைதுசெய்து, அவர்களில் பல நூறு பேரை வடகோடியில் கிர்கெனெஸ் துறைமுகத்துக்கு அனுப்பிக் கடும் வேலை வாங்கினார்கள். ஆசிரியர்கள் மசியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. நாஜிச் சங்கம் செயல்படவே இல்லை. அடுத்த வருடம் டென்மார்க்கில், யூதர்களைப் பிடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி கசிந்ததும், சாதாரண மக்கள் 7,000க்கும் மேற்பட்டோரை மீன்பிடிப் படகுகளில் ஸ்வீடனுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள்.

முன்னாள்_படைவீரர் எழுதியது:

தாரகை அம்மா, வணக்கம். ஆயுதம் ஏந்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

ஆயுதம் தைரியம் தரும் என்று நினைப்பவர்கள் அதைச் சுமந்ததில்லை. இரவுக் காவலில் புதரில் ஒரு சத்தம் கேட்டால், துப்பாக்கி கையில் இருக்கிறவனுக்கு முதலில் வரும் எண்ணம் சுடுவதுதான். டார்ச் மட்டும் கையில் இருந்தால் "யாருப்பா அது?" என்று கேட்டிருப்பான். எங்கள் பயிற்சியில் பெரும்பகுதி சுடாமல் இருக்கப் பழக்குவதுதான். விரல் விசையில் இருக்கக் கூடாது, உத்தரவு வரும்வரை குழல் கீழே பார்க்க வேண்டும், கூப்பிட்டு எச்சரிக்க வேண்டும். இத்தனை பழக்கியும் தப்பு நடக்கும். பழக்கமே இல்லாத குடும்பத்தில் அலமாரியில் ஒன்றை வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று. 1930 ஏப்ரல் 23, பெஷாவர், கிஸ்ஸா குவானி கடைத்தெரு. எல்லைக் காந்தி எனப்பட்ட பாட்சா கானைக் கைதுசெய்ததை எதிர்த்து ஆயுதமில்லாத மக்கள் கூடியிருந்தார்கள். அவர் அமைத்த குதாய் கித்மத்கார் என்ற அகிம்சை அமைப்பின் தொண்டர்கள் பெரும்பாலும் பட்டாணியர்கள். பழிக்குப் பழி என்பதையே மானமாக நினைத்த இனம் அது. அன்று துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்கள், பதிலுக்குத் துப்பாக்கி எடுக்கவில்லை. கர்வாலி படைப்பிரிவுச் சிப்பாய்களிடம் சுடச் சொன்னபோது, சந்திர சிங் கர்வாலியும் அவர் ஆட்களும் மறுத்துவிட்டார்கள். ராணுவ நீதிமன்றம், நீண்ட சிறை. கூட்டத்தில் ஒருவன் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் அந்தச் சிப்பாய்கள் மறுத்திருக்கவே முடியாது. அடுத்த நொடி தன் உயிர் போகும் என்கிறபோது எந்தச் சிப்பாயும் நியாயம் பார்க்க மாட்டான். நானும் சிப்பாயாக அப்படிப்பட்ட இடத்தில் நின்றவன், எனக்குத் தெரியும்.

நாட்டுக்கு ராணுவமே வேண்டாம் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். அங்கே உங்களோடு எனக்கு ஒத்துவராது.

வடலி எழுதியது:

தாரகை அக்கா, நீங்கள் சொல்வது விளங்குது. ஆனால் ஈழத்தில் பிறந்த ஆளால் இந்த விசயத்தை இவ்வளவு லேசாகக் கதைக்க ஏலாது.

1956 ஜூன் 5, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்கின தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்த நாள். செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சிக்காரர் கொழும்பு காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவை. காடையர் வந்து அடித்தார்கள். 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் கச்சேரிக்கு (அரச செயலகத்துக்கு) முன்னால் மறியல் தொடங்கி, வடக்குக் கிழக்கு முழுக்கப் பரவி, அரச நிர்வாகமே முடங்கியது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் போட்டு, இராணுவத்தை விட்டுக் கலைத்து, தலைவர்மாரைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். அதையெல்லாம் பார்த்து வளர்ந்த பொடியன்கள் "இருந்து பார்த்தாச்சு" எண்டுதான் துவக்கைத் தூக்கினவை. அவர்களுக்கு உங்கட பதில் என்ன?

நான் துவக்குக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. 1956இல் காலிமுகத்திடலில் தலை உடைந்த தமிழரசுக் கட்சி அமிர்தலிங்கத்தை, 1961இல் மறியலில் நின்ற அதே மனிசனை, 1989 ஜூலையில் கொழும்பில் சுட்டுக் கொன்றது தமிழ்ப் பொடியன்கள்தான். 2009இல் என்ன மிஞ்சியது எண்டதும் எங்களுக்குத் தெரியும். உங்கட "திருத்திக்கொள்ள வழி" எண்ட வாதம் அந்த இடத்தில் எனக்குச் சரியாகத்தான் படுது. ஆனாலும் 1961இல் வீதியில் இருந்த சனத்துக்கு என்ன பதில்? அது இல்லாமல் அகிம்சை எண்டு சொல்லாதேங்கோ.

தாரகை எழுதியது:

வடலி, இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அந்த இளைஞர்களுக்கு நான் தீர்ப்பு எழுதத் தயாரில்லை. அந்த இடத்தில் நான் நிற்கவில்லை. அகிம்சை தோற்கும், நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தும் தோற்கும். இதை மறைக்கிறவர்கள் அகிம்சைக்கு நல்லது செய்வதில்லை.

ஏன் தோற்கிறது என்று பார்த்தால், எனக்குப் புரிந்த அளவில், அடக்குகிறவனுக்கு உங்கள் ஒத்துழைப்பு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. யாழ்ப்பாணம் கச்சேரி மூடிக் கிடந்தால் கொழும்பில் ஆள்கிறவர்களின் வாக்குக்கோ வருமானத்துக்கோ பெரிய அடி இல்லை. அவர்கள் நம்பியிருந்த மக்கள் தெற்கில் இருந்தார்கள். அந்த மக்களில் போதிய பேர் தமிழர் பக்கம் வரவில்லை.

தென்னாப்பிரிக்காவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1960 மார்ச் 21, ஷார்ப்வில்லில் 69 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மண்டேலாவும் மற்றவர்களும் அடுத்த வருடமே ஆயுதப் பிரிவு தொடங்கினார்கள். அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெள்ளையர் அரசை 1980களில் மூச்சுத் திணற வைத்ததில் வேலைநிறுத்தங்களுக்கும் புறக்கணிப்புகளுக்கும் பெரிய பங்கு உண்டு. 1985இல் போர்ட் எலிசபெத் நகரில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளில் பொருள் வாங்குவதை நிறுத்தினார்கள். கடைகள் காலியாகக் கிடந்தன. கொஞ்ச நாளில் வெள்ளைக்கார வணிகர்களே, மக்கள் தலைவர்களை விடுதலை செய்யுங்கள் என்று தங்கள் அரசிடம் போய் நின்றார்கள். அந்த அரசுக்கு அந்த வணிகர்கள் தேவைப்பட்டார்கள். அந்த வணிகர்களுக்கு அந்த வாடிக்கையாளர்கள் தேவைப்பட்டார்கள்.

1961க்கு என் பதில் இதுதான்: அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. துவக்கும் அந்தக் கண்ணியைக் கொண்டுவரவில்லை, வரக்கூடியவர்களையும் பயமுறுத்தி அனுப்பிவிட்டது. இது உங்களுக்குப் போதாத பதிலாக இருக்கலாம். என்னிடம் இருக்கும் நேர்மையான பதில் இதுதான்.

வடலி எழுதியது:

போதாதுதான் அக்கா. ஆனால் "பொறுமையா இருந்திருக்க வேணும்" எண்டு சொல்லாமல் காரணம் தேடினதுக்கு நன்றி. தெற்கில் எங்கட பக்கம் நிண்ட சிங்களவரும் இருந்தவை, அவர்களை நாங்கள் எவ்வளவு தேடிப் போனோம் எண்டு யோசிக்க வைக்குது.

நேர்ப்பேச்சு எழுதியது:

நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 பெரிய போராட்டங்களை எடுத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஆயுதமில்லாதவை 53 சதவீதம் வென்றிருக்கின்றன, ஆயுதப் போராட்டங்கள் 26 சதவீதம். நான் நேர்மாறாக எதிர்பார்த்தேன். வயதானவர், பெண்கள், பிள்ளைகள் என்று எல்லாரும் சேர முடிவதால் கூட்டம் பெருகுகிறது, அந்தக் கூட்டத்துக்குள் தன் சொந்தக்காரன் நிற்பதைப் பார்க்கும் போலீஸ்காரனுக்குக் கை வராது என்பது அவர்கள் விளக்கம். படைவீரர் ஐயா சொன்ன பெஷாவர் கதையும் அதே இடத்துக்குத்தான் வருகிறது.

ஆனால் 2010க்குப் பிறகு ஆயுதமில்லாத போராட்டங்களின் வெற்றி விகிதமும் சரிந்துவிட்டது என்று செனோவெத்தே எழுதியிருக்கிறார். ஆயுதப் போராட்டங்கள் அதைவிட மோசமாகச் சரிந்திருக்கின்றன, அது வேறு. அரசுகள் கற்றுக்கொண்டுவிட்டன. கூட்டத்துக்குள் ஆளை அனுப்பிக் கல்லெறிய வைத்தால் போதும், மறுநாள் சுடுவதற்கு அனுமதி கிடைத்த மாதிரி.

முன்னாள்_படைவீரர் எழுதியது:

கல்லெறிய ஆள் அனுப்புவது புதிதல்ல தம்பி. அவன் எறியும்போது பக்கத்தில் நிற்பவன் சேர்ந்து எறிகிறானா, அவன் கையைப் பிடிக்கிறானா என்பதில்தான் இருக்கிறது. அதற்குப் பயிற்சி வேண்டும். ராணுவம் பயிற்சியில்லாமல் ஒருவனைக்கூடக் களத்துக்கு அனுப்பாது. அகிம்சைக்காரர்கள்தான் நல்ல மனசு போதும் என்று நினைத்துக்கொண்டு போய் அடிவாங்குகிறார்கள்.

இளந்தளிர் எழுதியது:

ஐயா சொன்னதிலிருந்து ஒரு கேள்வி. நான் கல்லூரி மாணவி. அடுத்த மாதம் ஒரு கோரிக்கைக்காக நாங்கள் உட்காரப்போகிறோம். எங்களில் சிலர் சட்டென்று கை ஓங்கிவிடுவார்கள். பயிற்சி என்றால் என்ன செய்வது? யாராவது எங்கேயாவது செய்திருக்கிறார்களா?

தாரகை எழுதியது:

செய்திருக்கிறார்கள், தங்கை. அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் ஜேம்ஸ் லாசன் என்ற போதகர் 1958 முதல் மாணவர்களுக்குப் பட்டறை நடத்தினார். முன்பு மதப்பணிக்காக நாக்பூரில் தங்கியிருந்தபோது சத்தியாக்கிரகத்தைக் கற்றவர். தேவாலயத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கறுப்பினத்தவருக்குப் பரிமாற மறுத்த உணவகம் போல அமைப்பார்கள். சிலர் உட்காருவார்கள். மற்றவர்கள் வெள்ளையர் கும்பலாக நடித்து, கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். விழுந்தால் தலையைக் கையால் மூடி, முழங்காலை மடக்கி, வயிற்றைக் காப்பது எப்படி, ஒருவரை அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எப்படிக் குறுக்கே விழுந்து அடியைப் பங்கு போட்டுக்கொள்வது என்று பழகினார்கள். முடியாது என்று தோன்றியவர்கள் வெளியே நின்று வேறு வேலை பார்த்தார்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

1960 பிப்ரவரி 13 அன்று உணவகங்களில் போய் உட்கார்ந்தார்கள். அடி விழுந்தது, கைதானதும் அவர்கள்தான். ஏப்ரலில் அவர்களுடைய வழக்கறிஞர் வீட்டில் குண்டு வைத்தார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் நகர மன்றத்துக்கு மௌனமாக நடந்து போனார்கள். நிறத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவது சரியா என்று டயான் நாஷ் என்ற மாணவி மேயரை நேருக்கு நேராகக் கேட்டார். சரியில்லை என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10ஆம் தேதி ஆறு கடைகள் கறுப்பினத்தவருக்கும் பரிமாறத் தொடங்கின.

உங்களுக்கு மூன்று நான்கு சாயங்காலம் கிடைத்தால் போதும், தொடங்கலாம். யார் பேசுவது, யார் தண்ணீரும் முதலுதவியும் பார்ப்பது, யார் ஒதுங்கி நின்று நடப்பதை எழுதிவைப்பது, எப்போது எழுந்து போய்விடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். எழுந்து போகும் முடிவை ஒரே ஒருவர் கையில் கொடுங்கள்.

இளந்தளிர் எழுதியது:

நன்றி அக்கா. அடிப்பவராக நடிக்க யாரைப் போடுவது? சும்மாவே கோபம் வருகிறவர்களையா?

தாரகை எழுதியது:

எல்லாரும் முறை வைத்து நடியுங்கள். கோபம் வருகிறவர்களுக்கு அந்தப் பாத்திரம் கட்டாயம் வேண்டும். நடிப்பு என்று தெரிந்தே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் குரல் ஏறும், கை தானாக ஓங்கும். எதிரே இருப்பவர் அசையாமல் கண்ணைப் பார்த்தால் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள். அப்போது நிறுத்தி, உட்கார வைத்து, என்ன தோன்றியது என்று இரண்டு தரப்பையும் பேச விடுங்கள். ஐயாவுக்கு நேரம் இருந்தால் ஒருநாள் உங்களோடு வந்து கவனித்துச் சொல்லலாம்.

முன்னாள்_படைவீரர் எழுதியது:

நேரம் இருக்கிறது. தனிச்செய்தியில் தேதியை அனுப்பும்மா.